அலுவலக நெட்வொர்க்கில் சொந்த மின்னஞ்சல்: தடுப்பதா, கண்காணிப்பதா, தனி வழி விடுவதா?

வெளிநாட்டுப் பையர் ஆர்டரை உறுதிசெய்யும் முன் அனுப்பும் பாதுகாப்பு வினாத்தாளிலும் சைபர் காப்பீட்டுக்கான விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி அடிக்கடி இடம்பெறுகிறது: நிறுவனத்தின் நெட்வொர்க்கிலிருந்து ஊழியர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலைத் திறக்க முடியுமா? திருப்பூர், கரூர், கோவை வட்டாரத்தில் ஐம்பது முதல் இருநூறு பேர் வரை கணினியில் வேலை செய்யும் நிறுவனங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்தக் கேள்விக்கு 'முடியாது' என்று எழுதிவிட்டு அன்று மாலையே ஃபயர்வாலில் (நெட்வொர்க்குக்குள் வருவதையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்தும் கருவி) ஜிமெயிலை மூடச் சொல்லும் உரிமையாளர்களும் உண்டு. மூடினால் வேலை நின்றுவிடும் என்று தயங்கி, அந்தக் கட்டத்தை நிரப்பாமலே வைத்திருக்கும் மேலாளர்களும் உண்டு. இரு தரப்பினரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எது சரி?

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. எழுத்தில் ஒரு கொள்கையை மட்டும் வைத்துக்கொள்ளலாம், முற்றாகத் தடுத்துவிடலாம், அனுமதித்துவிட்டு, போய்வரும் தரவைத் திறந்து பார்த்துக் கண்காணிக்கலாம், அலுவலகக் கணினியில் மூடிவிட்டு, சொந்த மின்னஞ்சலுக்கென்று தனி வழி ஒன்றை அமைத்துக் கொடுக்கலாம்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில், ஆபத்து எந்தத் திசையில் போகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உள்ளே வரும் ஆபத்து ஒன்று. நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்புக் கோப்புகளை நிறுவனம் பணம் கொடுத்து வாங்கிய வடிகட்டி சோதிக்கிறது. ஊழியரின் சொந்த அஞ்சல் அந்த வடிகட்டியைத் தொடாமலே அதே கணினியில் திறக்கிறது. 2010 ஜனவரியில் ஜிமெயில் தன் இணைப்பு முழுவதையும் இயல்பாகவே மறையாக்கத்துக்கு (இடையில் யாரும் படிக்க முடியாத குறியீட்டு வடிவத்துக்கு) மாற்றியது; மற்றவையும் அந்த வழிக்கு வந்துவிட்டன. ஆகவே சாதாரண ஃபயர்வாலுக்கு ஊழியர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது மட்டுமே தெரியும், அங்கிருந்து என்ன இறங்குகிறது என்பது தெரியாது. வெளியே போகும் ஆபத்து மற்றொன்று: கோஸ்டிங் ஷீட் (விலைக் கணக்குத் தாள்), பையரின் டெக் பேக் (ஆடையின் வடிவமைப்பு விவரக் கோப்பு), ஊழியர்களின் ஆதார் நகல்கள் ஆகியவை ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போய், அவர் வேலையை விட்டுச் சென்ற பிறகும் அங்கேயே கிடப்பது. இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

அடுத்தது, சுற்றுவழி எவ்வளவு எளிது என்பது. எல்லோர் பையிலும் டேட்டா வசதியுள்ள கைபேசி இருக்கும் காலத்தில், இதைக் கேட்காமல் எடுக்கும் எந்த முடிவும் காகிதத்தில்தான் நிற்கும். மூன்றாவது, செலவு, வாங்கும் பெட்டியின் விலையோடு அதைப் பராமரிக்கும் ஆளின் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நான்காவது, ஊழியரின் அந்தரங்கமும் சட்டமும்.

ஐந்தாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏதாவது நேர்ந்தால், அது நமக்கு எவ்வளவு விரைவில் தெரியவரும்? இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்' என்று பையருக்கோ நமக்கோ வரும் மோசடி அஞ்சலை இந்த நான்கு வழிகளில் எதுவும் தடுக்காது. அது நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கே வருகிறது. ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொள்வது மட்டுமே அதற்குக் காப்பு.

அலுவலக வேலை ஏன் சொந்த மின்னஞ்சலுக்குப் போகிறது

ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், பையருடன் பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர் ஒருவரின் மேசையருகே அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மனியிலிருந்து வந்த டெக் பேக் 18 எம்பி. அதை டையிங் யூனிட்டுக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கும் அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் மெயில் சர்வரில் 10 எம்பிக்கு மேல் போகாது. அவர் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றவும் முடியாது, ஏனென்றால் யூஎஸ்பி மூடப்பட்டிருந்தது. அதனால் தன் ஜிமெயிலைத் திறந்தார். அங்கே 25 எம்பி வரை போகும். மாலையில் கிளம்பும்போது அதே கோப்பைத் தனக்கே ஒருமுறை அனுப்பிக்கொண்டார். ஜெர்மனியில் மாலை 5 மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு 9.30. பையர் அப்போதுதான் சாம்பிளைப் பற்றிப் பதில் எழுதுவார். நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கைபேசியில் திறக்கும் வசதி அவருக்குத் தரப்படவில்லை.

அவர் செய்தது தகவல் கசிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலையை முடிக்க நிறுவனம் அவருக்கு விட்டுவைத்த ஒரே வழியும் அதுதான். நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் வேலைக்குப் போதுமானதாக இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்சல்பெட்டியின் கொள்ளளவு, இணைப்பின் அளவு வரம்பு, கைபேசியில் பார்க்கும் வசதி, பெரிய கோப்புகளைப் பகிரும் இடம் ஆகிய நான்கும் சரியாகும்வரை, தடை போட்டாலும் அந்தப் போக்குவரத்து வாட்ஸ்அப் வெப்புக்கு இடம் மாறுமே தவிரக் குறையாது.

வழி 1: எழுத்துக் கொள்கை மட்டும்

செலவு இல்லை, யாருடைய அந்தரங்கத்திலும் கை வைப்பதில்லை, வேலையும் தடைபடுவதில்லை. ஆனால் இரண்டு திசைகளிலும் எதையும் தடுப்பதில்லை. பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகத்தில், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்யும் இடத்தில், நல்ல வைரஸ் தடுப்பும் தினசரி பேக்அப்பும் இருந்தால் இது போதும். ஆடிட்டர் அலுவலகங்கள் பல இந்த அளவில்தான் இருக்கின்றன என்றாலும், அவற்றுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. நூறு வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கு அறிக்கையும் ஒரே கணினியில் இருக்கும் இடம் அது. கொள்கையின் மறைமுகச் செலவு சம்பவம் நடந்த பிறகுதான் தெரியவரும்: கையெழுத்திட்ட காகிதம் கோப்பில் இருக்கும், யார் எதை எங்கே அனுப்பினார்கள் என்பதற்கு ஒரு பதிவும் இருக்காது.

வழி 2: முற்றாகத் தடுப்பது

அலுவலகக் கணினியில் வெப்மெயில் (பிரவுசரில் திறக்கும் மின்னஞ்சல்) தளம் எதுவும் திறக்காது, மாற்று ஏற்பாடும் கிடையாது. உள்ளே வரும் ஆபத்தைப் பொறுத்தவரை இது வலுவான வழி. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2016இல் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதல்கள் கூடியபோது தன் நெட்வொர்க்கில் யாஹூ மெயிலை மூடியது. ஆபத்து வாசலில் நிற்கும்போது அவசர நடவடிக்கையாக இதைவிட விரைவானது வேறில்லை.

ஆனால் இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. மாலையே மூடச் சொல்லும் உரிமையாளர்கள் மறுநாள் காலை சந்திப்பது இதைத்தான். நிறுவனத்தின் மின்னஞ்சல் கூகுளிடமே இருந்தால், அதுவும் ஊழியரின் சொந்த ஜிமெயிலும் ஒரே முகவரியில்தான் திறக்கின்றன. அந்த முகவரியை மூடினால் நிறுவனத்தின் அஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும். நிறுவனத்தின் டொமைனைச் சேர்ந்த கணக்குகளை மட்டும் அனுமதிக்கும்படி குரோம் பிரவுசரில் நிர்வாக அமைப்பு ஒன்றைச் செய்யலாம். மற்ற பிரவுசர்களைத் தனியாகக் கவனிக்கவோ நீக்கவோ வேண்டும். மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சலில் நிறுவனக் கணக்குக்கும் சொந்தக் கணக்குக்கும் முகவரிகள் வேறுவேறு என்பதால் இந்த வேலை எளிது.

மறைமுகச் செலவுகளில் மோசமானது கைபேசி டெதரிங். தடை வந்த சில வாரங்களில் யாராவது ஒருவர் கைபேசியை யூஎஸ்பி கேபிளால் அலுவலகக் கணினியில் செருகி, அதன் டேட்டாவைக் கணினிக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த நிமிடத்தில் அந்தக் கணினி ஒரு பக்கம் அலுவலக நெட்வொர்க்கிலும் மறுபக்கம் ஃபயர்வாலே இல்லாத இணையத்திலும் நிற்கிறது. தடைக்கு முன் இருந்த நிலையே இதைவிடப் பாதுகாப்பானது. முற்றாகத் தடுப்பவர்கள் டெதரிங்கையும் அன்றே தடுத்தாக வேண்டும்.

அச்சம் விதிக்கும் செலவும் உண்டு. நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில் தடை சொல்லளவில் கடுமையாகவும் நடைமுறையில் ஓட்டையாகவும் இருந்தது. கணக்குப் பிரிவு உதவியாளர் ஒருவர் சொந்த அஞ்சலில், கூரியர் பார்சல் நிற்கிறது என்று வந்த சுட்டியை அழுத்தி, இறங்கிய கோப்பைத் திறந்தார். கோப்பின் வகையைக் காட்டும், பெயரின் கடைசி மூன்று எழுத்துகளை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடுவதால், அவர் கண்ணுக்கு அது பிடிஎஃப் ஆகத் தெரிந்தது. ஏதோ தவறு என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் தடையை மீறியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தார். அதற்குள் பகிர்வு ஃபோல்டரில் இருந்த கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுவிட்டன. உடனே சொல்லியிருந்தால் ஒரு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கியே பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். அவர் மீது எனக்கு இன்றும் கோபம் இல்லை. சொல்ல அஞ்சும் சூழலை உருவாக்கியதில் அந்த நெட்வொர்க்கை அமைத்த எனக்கும் பங்கிருக்கிறது. ஆகவே, தடை விதிக்கும் சுற்றறிக்கையிலேயே, தவறுதலாக எதையாவது திறந்தவர் உடனே சொன்னால் நடவடிக்கை இருக்காது என்ற வரியும் இருக்க வேண்டும்.

தொழிற்சங்கம் உள்ள நிறுவனங்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். அமெரிக்கக் குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறை 2011இல் ஊழியர்களின் வெப்மெயில் அணுகலை மூடியபோது, தங்களோடு பேசாமல் செய்ததாகச் சங்கம் முறையிட்டது. நடுவரின் முடிவு சங்கத்துக்குச் சாதகமாக அமைந்தது. 2014இல் கூட்டாட்சித் தொழிலுறவு ஆணையமும் அதை உறுதிசெய்தது. அந்த நாட்டின் சட்டம் இங்கே செல்லாது. ஆயினும் முன்கூட்டிப் பேசாமல் எடுத்த பாதுகாப்பு முடிவு மூன்று ஆண்டுகள் வழக்கில் இழுபட்டது என்பது இங்கும் கருதத்தக்கது.

வழி 3: அனுமதித்து, திறந்து பார்த்துக் கண்காணிப்பது

ஃபயர்வால் நடுவில் நின்று மறையாக்கத்தை அவிழ்த்து, உள்ளே இருப்பதைச் சோதித்து, மீண்டும் மூடி அனுப்புகிறது. இதற்காக ஒவ்வொரு கணினியிலும் நிறுவனத்தின் சான்றிதழ் ஒன்றை நிறுவ வேண்டும். தாளில் பார்த்தால் இதுவே முழுமையான வழி: தீங்கான கோப்பும் பிடிபடும், கோஸ்டிங் ஷீட் வெளியே போவதும் பிடிபடும், பதிவும் இருக்கும்.

விற்பனையாளர் சொல்லாத செலவுகள் பல. இந்த வசதியை இயக்கினால் ஃபயர்வாலின் வேகம் வெகுவாகக் குறையும். விவரத்தாளில் அதற்கான எண் தனியாக இருக்கும், வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வங்கித் தளங்களுக்கு விலக்குத் தர வேண்டும். நடுவில் யாரும் நிற்பதை ஏற்காத செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும், அவற்றுக்கும் விலக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு தேர்ந்த ஆள் தேவை. 2017 மார்ச்சில் அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு, இத்தகைய இடைமறிப்புக் கருவிகள் சரியாக அமைக்கப்படாவிட்டால் இணைப்பின் பாதுகாப்பையே பலவீனமாக்கும் என்று எச்சரித்தது. ஊழியர்களின் கடவுச்சொற்கள் அனைத்தும் மறையாக்கம் நீங்கிக் கடந்துபோகும் இடம் அந்த ஒரே பெட்டி என்பதையும் மறக்கக்கூடாது.

சட்டத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. பன்னிரண்டு நாட்கள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பர்புலெஸ்கு வழக்கில் 11க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ருமேனிய நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளர்களுக்குப் பதிலளிக்கத் திறக்கச் சொன்ன யாஹூ மெசஞ்சர் கணக்கில் ஊழியர் தன் சகோதரருடனும் மணக்கவிருந்த பெண்ணுடனும் பேசியதைப் படித்து, அவரை வேலையிலிருந்து நீக்கியது. கண்காணிப்பின் இயல்பையும் அளவையும் முன்னரே தெரிவித்தார்களா, இதைவிடக் குறைவாக ஊடுருவும் வழி இல்லையா என்ற கேள்விகளை உள்நாட்டு நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நம் 2023 சட்டத்தின் 7ஆம் பிரிவு, நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் வணிக இரகசியத்தைப் பேணவும் ஊழியரின் தரவைத் தனி ஒப்புதலின்றிக் கையாள இடமளிக்கிறது. ஆனால் சொந்த அஞ்சலைத் திறந்து பார்க்கும்போது, ஊழியருக்கு எழுதிய மற்றவர்களின் தரவும் நம் கைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பிரிவு அவர்களையும் உள்ளடக்கும் என்று நம்பி முதலீடு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டம் இடம் கொடுத்தாலும் என் மனம் இதற்கு ஒப்பவில்லை. மதிய இடைவேளையில் ஒரு பெண் ஊழியர் மகப்பேறு மருத்துவமனை அனுப்பிய பரிசோதனை அறிக்கையைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை என்னைப் போன்ற ஒரு நெட்வொர்க் ஆள் படிக்கக்கூடிய நிலையை எந்த அலுவலகத்திலும் ஏற்படுத்த நான் விரும்பவில்லை. இந்தக் கருவியை நிறுவனத்தின் சொந்த அஞ்சலுக்கும் கோப்புப் பகிர்வுக்கும் பயன்படுத்துங்கள். ஊழியரின் அஞ்சல்பெட்டியை விட்டுவிடுங்கள்.

வழி 4: கணினியில் மூடி, தனி வழி விடுவது

அலுவலகக் கணினிகளில் வெப்மெயில் திறக்காது. ஆனால் ஊழியர்களின் கைபேசிகளுக்கென்று தனி வைஃபை இருக்கும். கைபேசியில் வசதியாகப் பார்க்க முடியாதவர்களுக்காக உணவு அறையில் ஒன்றிரண்டு கணினிகள் அதே தனி இணைப்பில் இருக்கும். பிஎஃப் கணக்கு, வங்கி, பிள்ளையின் பள்ளி எல்லாவற்றையும் அங்கே யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளலாம். முறையான கதவு ஒன்று திறந்திருப்பதால் டெதரிங் செய்யத் தூண்டுதல் குறைகிறது. தீங்கான கோப்பு இறங்கினாலும் அது நிறுவனத்தின் சர்வரைத் தொட முடியாது.

'தொட முடியாது' என்பது அமைப்பைப் பொறுத்தது. பெயர் மட்டும் வேறாக, உள்ளே அதே நெட்வொர்க்காக இருக்கும் 'கெஸ்ட்' வைஃபைகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சோதிப்பது எளிது: உங்கள் கைபேசியை கெஸ்ட் வைஃபையில் இணைத்து, அலுவலகப் பிரிண்டரின் ஐபி முகவரியைப் பிரவுசரில் தட்டுங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால், டேலி இருக்கும் சர்வரும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சுவிட்சிலும் ரவுட்டரிலும் வீலான் (ஒரே கருவிக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்) பிரித்து, கெஸ்ட் பக்கத்திலிருந்து உள்பக்கம் எதுவும் போகாதபடி விதி எழுத வேண்டும். இப்போது வரும் அலுவலக ரவுட்டர்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்கிறது, ஒரு நாள் வேலை.

மறைமுகச் செலவு பதிவேட்டில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைபேசிகள் தங்கள் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) மாற்றிக் காட்டுகின்றன. ஆகவே எந்தக் கைபேசி யாருடையது என்று பதிவிலிருந்து சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாமல், ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுங்கள். வெளியே போகும் ஆபத்தை இந்த வழி பாதியளவுதான் தடுக்கிறது: கணினியிலிருந்து கோப்பு போகாது, ஆனால் திரையைக் கைபேசியில் படமெடுப்பதைத் தடுக்க முடியாது. வாட்ஸ்அப் வெப்பை என்ன செய்வது என்பதையும் அதே நாளில் முடிவுசெய்ய வேண்டும். அதைத் திறந்து வைத்துவிட்டு ஜிமெயிலை மட்டும் மூடினால் கோப்புகள் அந்தப் பக்கமாகப் போகும்.

| அளவுகோல் | கொள்கை மட்டும் | முழுத் தடை | கண்காணிப்பு | தனி வழி |
|---|---|---|---|---|
| உள்ளே வரும் ஆபத்து | தடுக்காது | நன்கு தடுக்கும் | பெருமளவு தடுக்கும் | நன்கு தடுக்கும் |
| வெளியே போகும் தகவல் | தடுக்காது | ஓரளவு | பெருமளவு | ஓரளவு |
| சுற்றுவழி | தேவையே இல்லை | டெதரிங், வாட்ஸ்அப் | கைபேசி டேட்டா | படமெடுத்தல், வாட்ஸ்அப் |
| பராமரிப்பு வேலை | இல்லை | நடுத்தரம் | மிக அதிகம் | தொடக்கத்தில் மட்டும் |
| அந்தரங்கம் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | கடும் பாதிப்பு | பாதிப்பில்லை |

எந்த இடத்துக்கு எது

வாடிக்கையாளரின் அட்டை எண்ணையோ நோயாளியின் மருத்துவப் பதிவையோ திரையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பிபிஓ தளத்துக்கு முழுத் தடையே பொருந்தும். அங்கே கைபேசியும் லாக்கருக்குப் போய்விடுவதால் சுற்றுவழியும் அடைபடுகிறது. ஆனால் அத்தகைய இடத்தில் பள்ளியிலிருந்தோ வீட்டிலிருந்தோ வரும் அவசர அழைப்பை எடுத்து ஊழியரிடம் சொல்ல, தளத்துக்கு வெளியே ஒரு தொலைபேசியும் அதற்கு ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

கண்காணிப்பு, தனிப் பாதுகாப்புக் குழுவும் சட்ட ஆலோசகரும் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு மட்டும். அங்கும் எதைப் பார்க்கிறோம், யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறோம் என்பதைத் தமிழில் எழுதி, ஊழியரின் கையெழுத்து வாங்கிய பிறகே தொடங்க வேண்டும்.

ஏற்றுமதி நிறுவனம், பம்பு தொழிற்சாலையின் அலுவலகம், ஆடிட்டர் அலுவலகம், பள்ளி நிர்வாகம் என இருபது முதல் இருநூறு கணினிகள் வரை உள்ள இடங்களுக்கு நான் சொல்வது நான்காவது வழி. அதிலும் வரிசை முக்கியம். முதல் வாரத்தில் நிறுவனத்தின் மின்னஞ்சல் வரம்புகளைத் தளர்த்தி, கைபேசியில் பார்க்கும் வசதியைக் கொடுங்கள். இரண்டாம் வாரத்தில் தனி வைஃபையை அமைத்து, பிரிண்டர் சோதனையைச் செய்து பாருங்கள். ஊழியர்களைக் கூட்டிப் பேசி, அவர்கள் சொந்த அஞ்சலில் வைத்திருக்கும் அலுவலகக் கோப்புகளைத் திருப்பி ஏற்ற இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகே ஃபயர்வாலில் மூடுங்கள். விதிவிலக்கு கேட்பவர்கள் வருவார்கள், பெரும்பாலும் முதலில் வருபவர் உரிமையாளராகவே இருப்பார். அவருக்கும் தேதி போட்டே கொடுங்கள். தொண்ணூறு நாளில் தானாக முடிந்துபோகும்படி ஃபயர்வாலில் எழுதிவிட்டால், மறுபடி கேட்கும்போது அது ஏன் தேவை என்று உட்கார்ந்து பேச ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.